வால் பார்த்துச் சுடுகிறவன்

அடுப்பில் குக்கர் மூன்றாவது விசில் அடித்தபோது போன் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை, கடைக்கு விடுமுறை. கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். ஈரக் கையோடு போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டேன்.

பெண் குரல். “வனத்துறை ஆபீஸ்லருந்து பேசுறேம்மா. லோடு வண்டி ஒண்ணு உங்க பேர்ல இருக்கு. டிரைவர் மாரிச்சாமி உங்க ஆளுதான?”

“ஆமா. வண்டி எதுலயும் மோதிருச்சா?”

“மோதல. தார்ப்பாய்க்கு அடியில மான் தோலும் தலையும் கெடக்கு. கொம்போட. நீங்க கொஞ்சம் ஆபீஸுக்கு வரணும்.”

கையில் இருந்த துண்டைக் கொடியில் போட்டேனா, கீழே போட்டேனா என்று நினைவில்லை. சமையல்கட்டிலிருந்து மிளகும் சோம்பும் கலந்த வாசனை வந்தது. காலையில் எழுந்தபோதே அம்மா சொல்லியிருந்தாள், செல்வம் கறி கொண்டுவந்திருக்கிறான், நாட்டு ஆடாம் என்று. கழுவும்போது குறைப்பட்டுக்கொண்டாள். “என்ன ஆடோ, ஒரு பொட்டுக் கொழுப்பு இல்ல. இப்படியா கருஞ்செவப்பா இருக்கும்? மிளகு கூடத்தான் போடணும்.”

அடுப்பை அணைத்தேன். நடு வீட்டில் என் தம்பி செல்வம் சோபாவில் காலை நீட்டிக்கொண்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்தக் கோபம் இன்னும் என்னிடம் அப்படியே இருக்கிறது. இந்தத் தொடரில் இதுவரை அப்பாவின் தீவனக் கடை, என் கல்யாணம், என் வீட்டுக்காரர் போன பிறகு கடையில் நான் வந்து உட்கார்ந்தது என்று எழுதிவந்தேன். பொறுமைக்காரி என்று ஒரு வாசகி பாராட்டியிருந்தார். இந்த வாரம் அவர் ஏமாந்துபோவார். சொந்தத் தம்பியைப் பற்றி இப்படி எழுத வேண்டுமா என்று பத்திரிகையில் கேட்டார்கள். அவன் செய்யலாம், நான் எழுதக் கூடாதா?

சோபாவில் நடந்த பாடம்

அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமையிலிருந்து தொடங்குகிறேன். அன்றைக்கும் கறிச்சோறுதான், ஆனால் நிஜமான ஆடு. செல்வம் அமெரிக்காவில் மொன்டானா என்ற மாநிலத்தில் இருக்கிறான். கம்ப்யூட்டர் வேலை. ஒரு மாத லீவில் தனியாக வந்திருந்தான். அவனைப் பார்க்கச் சித்தப்பா குடும்பம் வந்திருந்தது.

சாப்பிட்டு முடிந்ததும் போனிலிருந்த படங்களை டிவியில் போட்டான். பிள்ளைகள் படம் வரும் என்று அம்மா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டாள். வந்தது மான். செத்த மான். பக்கத்தில் ஆரஞ்சு நிறச் சட்டை போட்டுக்கொண்டு துப்பாக்கியோடு என் தம்பி முழங்காலிட்டுச் சிரிக்கிறான்.

“ரெண்டும் ஒண்ணு மாதிரித் தெரியும். ஒண்ணில்ல” என்று தொடங்கினான். “இது வெள்ளைவாலு. ஒரே தண்டுக் கொம்புல வரிசையா முள்ளு மொளச்ச மாதிரி இருக்கு பாருங்க. இது கழுதைமான். காதப் பாருங்க, கழுதைக் காதேதான். கொம்பு கவட்டை கவட்டையாப் பிரியும். வாலு நுனி கறுப்பு.”

“எதுலே ருசி?” என்றார் சித்தப்பா. அவருக்கு அதுதான் கேள்வி.

“வெள்ளைவாலுதான் சித்தப்பா. சோளக்காட்டுல மேஞ்சு வளரும், கறி மெதுவா இருக்கும். கழுதைமான் மலைச்செடியத் தின்னும், கறியில அந்த வாடை வரும்.”

பிறகு எதை எப்படிச் சுடுவது என்று விளக்கினான். வெள்ளைவால் புதருக்குள் வாழும். மரத்தில் பலகை கட்டி, இருமாமல் தும்மாமல் காத்துக் கிடக்க வேண்டும். மிரண்டால் வாலைத் தூக்கி வெள்ளையைக் காட்டிக்கொண்டு புதருக்குள் போய்விடும், அவ்வளவுதான். கழுதைமான் வெட்டவெளியில் நிற்கும். தூரத்திலேயே பைனாகுலரில் பார்த்துவிட்டுக் காற்றுக்கு எதிராக நடந்து போக வேண்டும். அது மிரண்டால் நாலு காலையும் ஒன்றாகத் தூக்கிக் குதித்து ஓடும். கொஞ்ச தூரம் போய், துரத்துகிறார்களா என்று நின்று திரும்பிப் பார்க்கும். “அங்கனதான் அடிக்கணும்” என்றான் செல்வம்.

எனக்கு அது பிடிக்கவில்லை. திரும்பிப் பார்க்கிற ஜீவனைச் சுடுவதை இவ்வளவு ருசித்துச் சொல்ல வேண்டுமா என்று தோன்றியது. ஆனால் அவன் ஊர், அவன் பழக்கம் என்று விட்டுவிட்டேன். அதற்கு மேல் அவன் பேசியது சட்டம். அதைக் கேட்டுத்தான் எல்லோரும் வாயைப் பிளந்தார்கள்.

“ரெண்டு மானுக்கும் வேற வேற பர்மிட்டுச் சீட்டு வாங்கணும். வெள்ளைவாலுக்குச் சீட்டு வச்சுக்கிட்டுக் கழுதைமானச் சுட்டா குத்தம். அதனால நான் வால் பாக்காம விசையில வெரலே வைக்க மாட்டேன். சீசன் முடிஞ்சா துப்பாக்கியத் தொடக் கூடாது. ரோட்டுல நின்னு சுடக் கூடாது. அங்க உள்ள ரேஞ்சர் வீட்டுக்கே வந்து ஃபிரிட்ஜத் தெறந்து பாப்பான்.”

“தெரியாமச் சுட்டுட்டா?” என்று கேட்டது நான்தான்.

“நம்மளே போன் போட்டுச் சொல்லிரணும்க்கா. சொல்லிட்டாப் பெருசு பண்ண மாட்டாங்க. ஒளிச்சாத்தான் பெரிய கேசு. நான் கண்டிப்பாச் சொல்லிருவேன்.”

“அதான்டா நாடு” என்றார் சித்தப்பா. அம்மா மகனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தண்ணீர் கேன் இறக்கிவைக்க வந்த மாரிச்சாமியும் நிலைப்படி ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தான். எங்கள் கடை லோடு வண்டியை அவன்தான் ஓட்டினான். திருச்சுழிப் பக்கத்து ஆள். தவிடும் புண்ணாக்கும் பருத்திக்கொட்டையும் ஏற்றிக்கொண்டு அந்தப் பக்கத்து ஊர்களுக்கெல்லாம் போய் வருகிறவன்.

“நம்ம பக்கம் மான் கெடக்கா மாரி?” என்று செல்வம் கேட்டான்.

“கெடக்காவா. கம்மாய்ப் பக்கம் போனா ஆட்டு மந்தை கணக்கா நிக்கும் அண்ணாச்சி” என்றான் மாரி. கேட்டதற்குப் பதில் சொன்னான், அவ்வளவுதான்.

நம்ம மான்

எங்கள் பக்கத்து மானைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்கு ஒன்றும் தெரியாது. மான் என்றால் அடர்ந்த காடும் அருவியும் என்று நினைப்பார்கள். எங்கள் ஊரில் மான் வாழ்வது சீமைக்கருவேலத்துக்குள். தண்ணீர் வற்றிய கண்மாய்க்குள் கருவேலம் மண்டிக் கிடக்கும். அதற்குள் புள்ளிமான் குட்டி போட்டுப் பெருகிக் கிடக்கும். பொழுது சாய்ந்தால் வெளியே வந்து கடலைச் செடியைப் பிடுங்கும், மக்காச்சோளக் குருத்தைக் கடிக்கும், உளுந்தை மொட்டையடித்துவிட்டுப் போகும்.

புண்ணாக்கு வாங்க வருகிற வெள்ளாமைக்காரச் சம்சாரிகள் என்னிடம் மானைத் திட்டாத நாளே கிடையாது. வேலிக்குப் பழைய சேலை கட்டிப் பார்ப்பார்கள். பாட்டிலில் கல்லைப் போட்டுத் தொங்கவிட்டுப் பார்ப்பார்கள். அதற்கெல்லாம் மான் பழகிவிட்டது. நஷ்ட ஈட்டுக்கு மனுக் கொடுத்தால், வந்து பார்ப்பதற்குள் வெள்ளாமையே முடிந்துவிடும். ஒரு மானை அடித்தால் ஜெயில் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு தகர டப்பாவைத் தட்டுகிறார்கள். மானுக்கும் சுகவாழ்வு ஒன்றும் இல்லை. நாய் துரத்திக் கிணற்றில் விழுகிறது. நாலுவழிச் சாலையில் லாரியில் அடிபடுகிறது.

வெளிமான் என்று இன்னொன்று உண்டு. முறுக்கிய கொம்பு, புள்ளி கிடையாது, ஆண்மான் முதுகு கறுத்திருக்கும். புள்ளிமான் மிரண்டால் கருவேலத்துக்குள் புகுந்துகொள்ளும். வெளிமான் பொட்டலில் நிற்கும், ஒளிய நினைக்காது, காலை நம்பி ஓடும். வல்லநாட்டுப் பக்கம் ஒரு முறை பஸ்ஸில் போகும்போது அதைப் பார்த்திருக்கிறேன். எங்கள் பக்கம் நான் பார்த்ததே இல்லை. காலை நம்பி ஓடுகிறதை மோட்டாரில் துரத்திச் சுடலாம் என்று யாருக்கோ தெரிந்த பிறகு அது எங்கே மிஞ்சும்?

ஆக எங்கள் ஊரிலும் இரண்டு மான் உண்டு. செல்வம் போலப் படம் போட்டு எனக்கும் ஒப்பிட்டுச் சொல்லத் தெரியும். ஒரு வித்தியாசம், எங்களுடைய இரண்டுக்குமே சீட்டு கிடையாது. எந்த வாலைப் பார்த்தாலும் சுடக் கூடாது. அமெரிக்காவில் இருக்கிற சட்டத்தைவிட இது சுலபமான சட்டம். ஞாபகம் வைத்துக்கொள்ள ஒன்றுமே இல்லை.

நாய்க்கும் ஒரு பங்கு

இந்த இடத்தில் ‘பங்கு’ என்ற வார்த்தையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அது தெரியாவிட்டால் மாரிக்கு நடந்தது புரியாது.

முன்பெல்லாம் திருச்சுழிப் பக்கத்து ஊர்களில் சாமி கும்பிடு முடிந்ததும் ஆண்களெல்லாம் சேர்ந்து முயல் வேட்டைக்குப் போவார்கள். கம்பு, வலை, நாய். இப்போது அதுவும் கூடாது என்று நிறுத்திவிட்டார்கள். கிடைத்ததை ஊர்ப் பொதுவிடமான மந்தையில் வைத்துக் கூறு போடுவார்கள். ஒரு கூறு ஒரு பங்கு. முயலை அடித்தவனுக்கும் ஒரு பங்கு, சும்மா கூடப் போனவனுக்கும் ஒரு பங்கு. நாய் கொண்டுவந்தவனுக்கு நாய்க்கென்று தனிப் பங்கு. வழியில் எதிர்ப்பட்ட ஆளுக்குக்கூட ஒரு பங்கு கொடுப்பார்கள். வேண்டாம் என்று சொல்லக் கூடாது. சொன்னால் ஊரோடு பகை என்று அர்த்தம்.

எங்கள் அப்பா முயலைப் படத்தில்தான் பார்த்திருப்பார். ஆனால் வேட்டைக்குக் கடையிலிருந்து காலிச் சாக்கு கொடுப்பார் என்பதால் அவருக்கும் சாக்குப் பங்கு என்று ஒன்று வீட்டுக்கு வரும். அம்மா மூக்கைப் பிடித்துக்கொண்டு அதைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடுவாள். ஆக, ‘எனக்கு ஒரு பங்கு உண்டு’ என்று அந்தப் பக்கத்தில் ஒருவன் சொன்னால், நானும் அங்கே இருந்தேன், என்னையும் ஒரு ஆளாக மதித்துக் கொடுத்தார்கள் என்றுதான் அர்த்தம். அவன் எதையாவது கொன்றான் என்று அர்த்தம் கிடையாது.

“மாரிக்கு என்ன போயிரப் போகுது?”

போனை வைத்துவிட்டு நடு வீட்டுக்கு வந்தேன். டிவியை அணைத்தேன்.

“குக்கர்ல இருக்கிறது என்ன கறி?”

செல்வம் என் முகத்தைப் பார்த்தான். பொய் சொல்வதில் லாபம் இல்லை என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. மெல்லச் சொன்னான். அவனோடு பள்ளிக்கூடத்தில் படித்த பாஸ்கரனுக்குத் திருச்சுழிப் பக்கம் தோட்டம் இருக்கிறது. பயிர்ப் பாதுகாப்புக்கென்று லைசென்ஸ் வாங்கின துப்பாக்கியும் இருக்கிறது. முந்தின நாள் சாயங்காலம் இருவரும் காரில் போயிருக்கிறார்கள். நாற்காலி, அண்டா கொண்டுவரச் சொல்லி மாரியை வண்டியோடு வரச்சொல்லியிருக்கிறார்கள். என்னிடமும் நாற்காலி என்றுதான் சொன்னார்கள். கண்மாய் ஓரமாகக் கொம்போடு ஒரு ஆண் புள்ளிமான் மேய்ந்துகொண்டிருந்தது. செல்வம்தான் சுட்டான்.

“ஒரே குண்டுக்கா” என்றான். அந்த நேரத்திலும் அதைச் சொல்ல அவனுக்கு ஆசை.

கறியைக் கூறு போட்டு மாரிக்கும் ஒரு பங்கு கொடுத்திருக்கிறார்கள். விடிந்ததும் தோலையும் தலையையும் எங்காவது தூரத்துக் கிணற்றில் போட்டுவிடச் சொல்லிவிட்டு, கார்க்காரர்கள் இருவரும் வீட்டுக்கு வந்து படுத்துக்கொண்டார்கள். வழியில் வனத்துறைக்காரர்கள் மாரியின் வண்டியை மறித்துவிட்டார்கள்.

“மாரியப் பிடிச்சு வச்சிருக்காக. கெளம்பு, போயிச் சொல்லிட்டு வருவோம்” என்றேன்.

“என்னன்னு சொல்ல?”

“நீதான சுட்ட. அதச் சொல்லு.”

அவன் எழுந்து நின்றான். பாஸ்கரனுக்குப் போன் போட்டுப் பார்த்தான். அது அணைத்துக் கிடந்தது. பிறகு என்னிடம் பொறுமையாக, குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னான்.

“அக்கா, எம்மேல ஒரு கேசு விழுந்தா என் கிரீன் கார்டு போயிரும். வேலை, வீடு, பிள்ளைக படிப்பு எல்லாம் அதுமேலதான் நிக்கிது. புதன்கிழமை எனக்கு பிளைட்டு. மாரிக்கு என்ன போயிரப் போகுது? நாலு நாள் உள்ள இருப்பான். நல்ல வக்கீலா வச்சு வெளிய எடுத்துரலாம். அவன் குடும்பத்த நான் பாத்துக்கிறேன்.”

மாரிக்கு என்ன போயிரப் போகுது. இந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவனை நான் ஆயுசுக்கும் மன்னிக்காமல் இருக்கலாம்.

மாரிக்குக் குவைத்தில் வீட்டு டிரைவர் வேலைக்கு விசா வந்திருந்தது. எங்கள் தெருவில் ஜவுளிக் கடை வைத்திருக்கிற பாய் தன் மச்சான் மூலம் ஏற்பாடு செய்திருந்தார். மருத்துவச் சோதனை முடிந்துவிட்டது. போலீசில் இவர் மேல் வழக்கு எதுவும் இல்லை என்று ஒரு சான்றிதழ் வாங்க வேண்டியது மட்டும் பாக்கி. வீடு கட்டப் பாதிச் சுவர் எழுப்பி நிறுத்தியிருந்தான். வேறு டிரைவர் பார்த்துக்கொள்ளுங்கள் என்று என்னிடம் தயங்கித் தயங்கிச் சொல்லி, நான் நல்லாப் போயிட்டு வாடா என்று சொன்னதும் கடை வாசலிலேயே கண் கலங்கினவன்.

இதையெல்லாம் செல்வத்திடம் சொன்னேன். “அவனுக்கு என்ன போகும்னு அவங்கிட்டக் கேட்டியா? ஒனக்குக் கார்டுன்னா அவனுக்கு விசா. எதுல ஒசத்தி தாழ்த்தி?”

“டிரைவர் வேலைதானக்கா. அப்புறம் நான் வேற பாத்துத் தாரேன்.”

“தெரியாமச் சுட்டாக்கூட நானே போன் போட்டுச் சொல்லிருவேன்னு போன வாரம் இதே சோபாவுல உக்காந்து சொன்ன. இந்தா போனு. நம்பர் இருக்கு. சொல்லு.”

“அது வேற ஊருக்கா. இங்க யாரு அதெல்லாம் பாக்குறா?”

இதை எழுதும்போதுகூட என் கை சூடாகிறது. அங்கே வால் நுனி கறுப்பா வெளுப்பா என்று பார்க்காமல் விரலை வைக்க மாட்டானாம். அங்கே ஆரஞ்சுச் சட்டை, சீட்டு, சீசன். இங்கே வந்து இறங்கினதும் எல்லாம் அவிழ்ந்துவிட்டது. அவனுக்குச் சட்டத்தின் மேல் மரியாதை கிடையாது. அந்த ஊர் அதிகாரியின் மேல் பயம், அவ்வளவுதான். இந்த ஊரில் அவன் பயப்பட வேண்டிய ஆள் ஒருத்தரும் இல்லை, ஏனென்றால் அவனுக்குப் பதிலாக நிற்க ஒரு மாரி எப்போதும் இருப்பான். வெளிநாட்டிலிருந்து வந்து, நம்ம ஊரில் சுத்தம் இல்லை, ஒழுங்கு இல்லை என்று மூக்கைச் சுளிக்கிறவர்களை எனக்கு நிறையத் தெரியும். அவர்களில் பாதிப் பேர் இங்கே வந்ததும் முதலில் மீறுகிறது அந்த ஒழுங்கைத்தான்.

அம்மா சமையல்கட்டிலிருந்து வந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். “கூடப் பொறந்தவன்டி அவன். ஊருக்கு வந்த பிள்ளையச் சிரிச்ச மொகமா அனுப்பி வைக்க மாட்டியா? மாரிய நம்ம விட்டுருவமா?”

“விட்டாச்சும்மா. இப்ப அவன் அங்க உக்காந்திருக்கான், இவன் இங்க உக்காந்திருக்கான்” என்றேன்.

சமையல்கட்டுக்குப் போனேன். குக்கரின் பிடியை இரண்டு துணி வைத்துப் பிடித்தேன். மூடியைக்கூடத் திறக்கவில்லை. அப்படியே தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்து, அந்த வழியாகப் போன ஒரு ஆட்டோவை நிறுத்தினேன். பின்னால் அம்மா கூப்பிடுகிற சத்தம் கேட்டது. ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னையும் குக்கரையும் மாறி மாறிப் பார்த்தார். “ஆஸ்பத்திரிக்காக்கா?” என்று கேட்டார்.

குக்கர்

வனத்துறை ஆபீசில் மாரி தரையில் உட்கார்ந்திருந்தான். முழங்கால்களுக்கு நடுவில் கையை இடுக்கிக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு. போட்டிருந்தது செல்வம் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து கொடுத்த பனியன். நெஞ்சில் ஒரு பனிமலைப் படம்.

ரேஞ்சர் சின்ன வயதுப் பெண். கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பேச்சு. மரியாதையாக நாற்காலி போடச் சொன்னார்.

“நீங்க சொல்லித்தான் வண்டிய எடுத்துட்டுப் போனாருங்களாம்மா?”

“நாற்காலி ஏத்தப் போனான். வேட்டைக்குன்னு எனக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது.”

“தெரியாதுன்னு நீங்க சொல்றீங்க. அவரே ஒத்துக்கிட்டாருங்க. வேட்டையில உனக்குப் பங்கு உண்டான்னு கேட்டேன். உண்டு மேடம், எனக்கும் ஒரு பங்குன்னு பட்டுன்னு சொல்லிட்டாரு. வேற யாரு யாருன்னு கேட்டாத்தான் வாயத் தெறக்க மாட்டேங்கிறாரு.”

நான் சிரித்துவிட்டேன். சந்தோஷச் சிரிப்பு இல்லை. அந்தப் பெண்ணுக்கு விளக்கிச் சொன்னேன். எங்கள் பக்கத்தில் பங்கு என்றால் கறி. அவர் கேட்டது ஒன்று, இவன் காதில் விழுந்தது வேறு. கறி கொடுத்தார்களா என்று கேட்பதாக நினைத்து, வாங்கின பங்கை மறைக்காமல் ஆமாம் என்று சொல்லியிருக்கிறான். உண்மையைச் சொல்கிற அவசரத்தில் தன் கழுத்தில் தானே கயிற்றைப் போட்டுக்கொண்டான். மாரி தலையை நிமிர்த்தி எங்கள் இருவரையும் பார்த்தான். தான் என்ன தப்பாகச் சொன்னோம் என்று அவனுக்கு அப்போதும் புரியவில்லை.

ரேஞ்சர் முழுசாகக் கேட்டார். பிறகு சொன்னார், “சரிங்கம்மா, புரியுது. ஆனா கறி வாங்கினாலும் குத்தந்தானுங்க.”

“குத்தம்னா எல்லாருக்கும் குத்தமா இருக்கட்டும்” என்று குக்கரை அவர் மேஜை மேல் வைத்தேன். “இதுலயும் ஒரு பங்கு இருக்கு. எங்க வீட்டு அடுப்புல வெந்தது. ஆடுன்னு நெனச்சு எங்கம்மா மிளகு போட்டு வச்சிருக்காக.”

அறையில் இருந்த காவலர்கள் எழுந்து வந்து பார்த்தார்கள். குக்கரின் வாயிலிருந்து இன்னும் லேசாக ஆவி வந்துகொண்டிருந்தது.

“யாரும்மா சுட்டது?” என்றார் ரேஞ்சர்.

தரையிலிருந்து மாரி சொன்னான், “அக்கா, வேணாம்க்கா.”

“என் தம்பி. பேரு செல்வம். துப்பாக்கி பாஸ்கரன்னு அவன் சிநேகிதனோடது.”

“கூடப் பொறந்த தம்பிங்களா?”

“கூடப் பொறந்தவன்தான். வீட்டுலதான் இருக்கான். புதன்கிழமை ஏறுனா அப்புறம் பிடிக்க முடியாது. இப்பவே ஆள் அனுப்புங்க மேடம்.”

வீட்டு முகவரியை எழுதிக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு

ஆள் போனபோது செல்வம் பெட்டி கட்டிக்கொண்டிருந்தானாம். ஓடவில்லை, மறுக்கவும் இல்லை. முதலில் இங்கிலீஷில் பேசிப் பார்த்திருக்கிறான், பிறகு தமிழுக்கு வந்துவிட்டான். இரண்டாம் நாள் பாஸ்கரன் வக்கீலோடு வந்து சரணடைந்தான். மூவர் பேரும் ஒரே வழக்கில் ஏறியது. ரேஞ்சர் என்னிடம் சொன்னார், வண்டி ஓட்டினதும் தோலைக் கொண்டுபோனதும் மாரிதான், பேரை எடுக்கத் தன்னால் முடியாது என்று. அவர் சொன்னதில் தப்பில்லை. அதுவும் என் கோபத்தைக் கூட்டத்தான் செய்தது.

மூவரும் ஒரே வாரத்தில் ஜாமீனில் வந்தார்கள். செல்வத்தின் பாஸ்போர்ட் சில மாதங்கள் கோர்ட்டில் இருந்தது. எங்கள் வீட்டில் தங்காமல் சித்தப்பா வீட்டில் தங்கினான். பிறகு அனுமதி வாங்கிக்கொண்டு அமெரிக்கா போய்ச் சேர்ந்தான். கார்டு போகவில்லை. வேலை போகவில்லை. பிள்ளைகள் அதே பள்ளிக்கூடத்தில் படிக்கிறார்கள். எது போய்விடும் என்று பயந்து ஒரு மனுஷனைத் தூக்கிக் கொடுக்கத் துணிந்தானோ, அதில் ஒன்றுகூட அவனை விட்டுப் போகவில்லை.

மாரியின் விசாத் தேதி முடிந்துபோனது. வழக்கு இருக்கிறவனுக்குப் போலீஸ் சான்றிதழ் கிடையாது. ஜவுளிக் கடைப் பாய் எவ்வளவோ முயன்று பார்த்தார். குவைத் வீட்டுக்கு வேறு டிரைவர் போய்விட்டான். பாதிச் சுவர் பாதிச் சுவராகவே நிற்கிறது.

சொந்தக்காரர்கள் இந்தக் கதையை வேறு மாதிரி சொல்கிறார்கள். சொத்துக்காகத் தம்பியைக் காட்டிக் கொடுத்தாள் என்று ஒரு கட்சி. டிரைவருக்காகத் தம்பியை விட்டாள் என்று அசிங்கமாக இழுக்கிற ஒரு கட்சி. அம்மா என்னோடு பேசுகிறாள், ஆனால் சமையலைப் பற்றி மட்டும்தான். குக்கர் இன்னும் கோர்ட்டில் இருக்கிறது. புதிது வாங்கிக் கொடுத்தேன், அம்மா அதை அட்டைப் பெட்டியிலிருந்தே எடுக்கவில்லை.

ஜாமீனில் வந்த மறுநாள் காலை மாரி கடைக்கு வந்தான். நான் அப்போதுதான் கதவைத் திறந்து சாம்பிராணி போட்டுக்கொண்டிருந்தேன். வழக்கம்போலத் தண்ணீர் தெளிக்க வாளியை எடுப்பான் என்று நினைத்தேன். எடுக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து தன்னிடம் இருந்த வண்டியின் இன்னொரு சாவியை எடுத்துக் கல்லாப்பெட்டி மேல் வைத்தான்.

“வேற ஆள் பாத்துக்கோங்கக்கா. கதிர் அடிக்கிற மிஷினுக்கு டிரைவர் கேட்டாக. போறேன்.”

“எதுக்குடா? பிடிச்சு வச்ச வண்டிய விட்டுருவாக. வழக்கு முடியிற வரைக்கும் நான் பாத்துக்கிறேன்னு சொல்லியிருக்கேன்ல. ஒனக்காகத்தான நான் எந்தம்பியவே…” என்று ஆரம்பித்தேன்.

“தெரியும்க்கா. நீங்க செஞ்சத வேற யாரும் செய்ய மாட்டாக. அதுல எனக்கு ஒண்ணும் கொறையில்ல.” வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னான். “அன்னைக்குத் துப்பாக்கியப் பாத்த ஒடனே வண்டியத் திருப்பிட்டு வந்திருக்கணும். மனசு சொல்லுச்சு. ஆனா உங்க வீட்டு ஆளு சொல்லும்போது மாட்டேன்னு சொல்ல எனக்கு வரல. நீங்க சொன்னாலும் வராது. அதான் போறேன்.”

கோபப்பட எனக்கு எத்தனையோ பேர் இருந்தார்கள், அவன் மேல் கோபப்பட முடியவில்லை. சாவியை எடுத்துக் கல்லாவில் போட்டேன்.